ஒன்பதாம் நம்பர் ஓலை

கணினி பிறப்பதற்கு முன்பே அதற்கு ஜாதகம் கணித்தவர் ஆலன் டூரிங். 1936-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து தெரியவந்த பலன் இது: ஒரு நிரல் என்றாவது நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று எல்லா நிரலுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடும் வழியே கிடையாது. ‘என்னால் சொல்ல முடியாது, எவனாலும் முடியாது’ என்று நிரூபித்துப் பேர் வாங்கிய ஒரே ஜோசியர்.

ஆயுள் தெரியாவிட்டால் என்ன, நாமே விதித்துவிட்டால் போயிற்று என்றது ஐபிஎம். 1960-களின் ஓஎஸ்/360-இல், வேலைக்கான துளை அட்டையிலேயே நேர வரம்பைக் குறிக்கலாம். மீறினால் 322 என்ற எண்ணைக் கட்டிச் சடலம் திரும்பி வரும். வரம்பே வேண்டாமென்றால் 1440 என்று போட வேண்டும். ஒரு நாளைக்கு அத்தனை நிமிடம்தானே, அதற்கு மேல் எவன் ஓட்டப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

யூனிக்ஸில் ‘கில்’ என்றே ஒரு கட்டளை. பெயர்தான் பயங்கரம், செய்வதெல்லாம் ஓலை அனுப்புவது. சும்மா விட்டால் 15-ஆம் நம்பர் ஓலை போகும்: ‘ஐயா, கிளம்பலாமே.’ நிரல் அதைப் படித்து மடித்துச் செருகிக்கொண்டு ஓடலாம். 9-ஆம் நம்பர் அப்படியல்ல. படிக்க ஆள் இருக்காது.

இதை வைத்து அட்மின்கள் மூன்று வரியில் ஸ்கிரிப்ட் எழுதினார்கள்: நிரலைப் பின்னணியில் ஓடவிடு, ஒரு மணி நேரம் தூங்கு, எழுந்ததும் அந்த நிரலுக்குக் கொடுக்கப்பட்ட அடையாள எண்ணைக் கொல். நிரலோ பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். நெரிசலான இயந்திரத்தில் எண்கள் ஒரு சுற்று வந்து, அதே எண் அப்பாவி டேட்டாபேஸ் ஒன்றுக்குப் போயிருக்கும். கையில் சிலம்பு இருந்ததா, வெட்டு. மதுரையில் நடந்ததும் இதேதான். இங்கே கேட்க வர ஒரு கண்ணகி இல்லை, அவ்வளவே.

குனூக்காரர்கள் 2008-இல் கோர்யூட்டில்ஸ் தொகுப்பில் ‘டைம்அவுட்’ கட்டளையைச் சேர்த்தார்கள். தான் கிளப்பிவிட்டதன் பக்கத்திலேயே அது காவல் இருக்கும். நேரம் முடிந்தால் 15, நாம் கேட்டுக்கொண்டால் கொஞ்சம் பொறுத்து 9. ‘நேரம் தீர்ந்தது’ என்பதற்கு அடையாளமாகப் பொதுவாக 124-ஐ விட்டுச்செல்லும்.

விண்டோஸிலும் அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. அது யாரையும் கொல்லாது. சொன்ன வினாடிகள் வரை சும்மா உட்கார்ந்திருக்கும்; நடுவில் ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் எழுந்து போய்விடும்.