பழவேற்காட்டில் பனிப்பாறை

பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். கழியை ஊன்றியே படகைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். இதில் போய்ப் பனிப்பாறையை மிதக்கவிடுகிறது நம் மேடைத் தமிழ். 'முகத்துவாரம் தூர்ந்தது பனிப்பாறையின் நுனிதான். இந்தத் தீப்பொறியை முளையிலேயே கிள்ளாவிட்டால் மீனவர் வாழ்வே தடம் புரளும்' என்று ஒருவர் முழங்குவதாக வைத்துக்கொள்வோம். பனி, நெருப்பு, செடி, ரயில் எல்லாம் ஒரே மூச்சில் வந்தாயிற்று. மணல் மட்டும் வரவில்லை. ஏரி கடலோடு சேரும் வாயை அடைத்துக்கொண்டு கிடப்பதோ அதுதான். இப்படி உருவகங்களைக் கலப்பது புதிதல்ல: 18-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் பாய்ல் ரோச், எலி வாடை அடிக்கிறது, அது காற்றில் மிதக்கிறது, அதை மொட்டிலேயே கிள்ளுவேன் என்று பேசியதாகச் சொல்வார்கள். அவர் சொந்தச் சரக்கைக் கெடுத்தார். நாம் ஆங்கிலத்திலிருந்து இரவல் வாங்கிக் கெடுக்கிறோம்.

இரவல் வாங்காத மொழி ஏது, தேய்ந்த தொடருக்குள் யார் படம் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் நகரத்தில் தேய்ந்த படம் ஏரிக்கரையில் உயிரோடு இருக்கிறது. 'குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறார்' என்பது அரசியலில் வசவு. இங்கேயோ பெண்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். தண்ணீர் குழம்பாமல் அந்தப் பிழைப்பு நடக்காது. அதில் சூழ்ச்சியும் இல்லை, முதுகுவலிதான் உண்டு. நல்ல உருவகம் வேண்டுமென்றால் முகத்துவாரத்துக்கு மீனவர்கள் கேட்டுவந்த 'தூண்டில் வளைவு' இருக்கிறதே, அதைப் பாருங்கள். மணலைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டும் கருங்கல்லுக்குத் தூண்டில் என்று பெயர். எவரோ வளைவைக் கண்ணால் பார்த்துவிட்டு வைத்த பெயர். அகராதியைப் பார்த்து வைத்ததல்ல.

கடைசியாக, 'நாம் எல்லோரும் ஒரே படகில் பயணிக்கிறோம்.' ஒற்றுமைக் கூட்டங்களில் இது இல்லாமல் மைக் அணைவதில்லை. பழவேற்காட்டில் இதைச் சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே பாடு முறை என்று ஒன்று தலைமுறைகளாக இருக்கிறது: நல்ல மீன்பிடி இடங்களில் எந்தக் குப்பத்தார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று ஒரு ஊரின் பாடு, நாளை அடுத்த ஊரின் பாடு. 'அவனவன் பாடு அவனவனுக்கு' என்று நாம் அலுப்போடு சொல்வது அங்கே சண்டையைத் தவிர்க்கும் சட்டம். ஒரே படகு என்று யாராவது அழைத்தால், ஏறுவதற்கு முன் அவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்றைக்கு யார் பாடு?