மேதைகளுக்கு ரேங்க் போடுபவர்

எல்லா ஊர்ப் பூங்காவிலும் இவர் உண்டு. பணி ஓய்வு பெற்றவர். மூன்று சுற்று நடந்து முடித்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் வெண்டைக்காய் விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாலும், ஐந்தாவது நிமிடம் பேச்சு அங்கே வந்து நிற்கும்: "அதை விடுங்க சார். உலகத்துலயே பெரிய கணித மேதை யாரு? ஒரே பேர் சொல்லணும்."

எந்தப் பேரைச் சொன்னாலும் தப்பு.

நியூட்டன் என்றால், "பாதி பிசிக்ஸ் சார் அவரு. அதுவும் போக, கால்குலஸை முதல்ல கண்டுபிடிச்சது இவரா லைப்னிட்ஸான்னு தகராறு. 1712-ல ராயல் சொசைட்டி கமிட்டி போட்டுச்சு. அப்ப சொசைட்டித் தலைவர் யாரு? நியூட்டனேதான்! நம்ம கூட்டுறவு சொசைட்டி தேவலாம்."

காவுஸ் என்றால், "பெரிய ஆள்தான். ஆனா சின்னப் பையன் போயாய் புது வடிவியலைக் கண்டுபிடிச்சு அனுப்பினா, 'இதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும்'னு அவங்க அப்பாவுக்கு லெட்டர் எழுதலாமா? பெரிய மனுஷன் செய்யற வேலையா அது?" அங்கேயே பத்து மார்க் போச்சு.

அவர் மார்க் போடும் முறையைக் கவனித்தால் ஒன்று விளங்கும். அதில் தேற்றத்துக்கு மார்க்கே கிடையாது. எல்லாம் கஷ்டத்துக்குத்தான். கண்பார்வை போன பிறகும் ஆய்லர் எழுதிக் குவித்தாரா, போடு பத்து. வறுமை என்றால் இருபது. அற்பாயுசு என்றால் முப்பது. இந்தக் கணக்குப்படி 32 வயதில் மறைந்த ராமானுஜனை யாரும் நெருங்க முடியாது. 20 வயதிலேயே துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டுச் செத்த கால்வாவை யாராவது நினைவுபடுத்தினால், "வம்புக்குப் போய்ச் செத்தது கணக்குல வராது" என்று தீர்ப்பு வரும்.

கடைசி அஸ்திரம் ஹார்டி. தனக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80, ராமானுஜனுக்கு 100 என்று அவர் மதிப்பெண் போட்டாரே, அது இவருக்கு வேதவாக்கு. "வெள்ளைக்காரனே போட்ட மார்க் சார்!" ஹார்டி தனக்கு 25 மட்டும் போட்டுக்கொண்ட இடத்தை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவார்.

ஒருநாள் நடந்துகொண்டிருந்த பெண் ஒருவர் நின்று, "எம்மி நோதர்?" என்றார். கோட்டிங்கனில் பல வருஷம் சம்பளமில்லாமல், ஹில்பர்ட் பெயரில் அறிவித்த வகுப்புகளில் பாடம் நடத்தியவர் நோதர். நம்மவரின் கஷ்ட மார்க் முறைப்படியே மேலே வந்திருக்க வேண்டியவர். "அது லேடீஸ் லிஸ்ட்மா, தனி" என்று முடித்துவிட்டார்.

போன மாதம் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவர் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வழக்கமான கேள்வி போனது. அவர் சிரித்துக்கொண்டே, "ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதம் சார், எப்படி ஒப்பிடறது? ஆய்லரோட நிரூபணம் ஒண்ணு காட்டட்டுமா? நாலே வரிதான்" என்று பேனாவை எடுத்தார். நம்மவருக்கு உடனே மாத்திரை நேரம் ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் எங்களிடம் ரகசியமாகச் சொன்னார்: "நல்ல மனுஷன்தான். ஆனா பாவம், கணக்குல ஈடுபாடு பத்தல."