25 மில்லிக்கு எத்தனை கேள்வி

பம்பு மோட்டாருக்கு ஒரு பேரிங் வேண்டும். பழையதன் முகத்திலேயே பொறித்திருக்கிறது: 6205. கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள்துளை 25 மில்லிமீட்டர். வெளிவட்டம் 52, அகலம் 15. எந்த நாட்டில் வாங்கினாலும் இதே அளவு.

இவ்வளவு எளிதாக இருப்பது பொறுக்காமல்தான் நாங்கள் பேரிங் தேர்ந்தெடுக்க ஒரு வலைச் செயலி செய்தோம். சுமை எத்தனை கிலோநியூட்டன், சுழற்சி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். ஒரு கட்டத்தை விட்டால் சிவந்துபோகும், சம்பந்தி மாதிரி.

5-ஆல் பெருக்கும் விதியை நிரலில் எழுதிப் பெருமைப்பட்டவன் நான்தான். சோதனையில் 6203 போட்டேன், 15 என்றது. உண்மையில் 17. 00 முதல் 03 வரை 10, 12, 15, 17 என்று தனிக்கணக்கு. 04-இல் இருந்துதான் வாய்ப்பாடு வேலை செய்யும். அப்புறம் பேரிங்கின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் மூடி. அதற்குக் கம்பெனிக்கு ஒரு குறி: எஸ்.கே.எஃப். அதை 2ஆர்எஸ் வகையறா என்னும், என்.எஸ்.கே. டிடியு என்னும், என்.டி.என். எல்எல்யு என்னும். ஒரே பிள்ளைக்கு மூன்று வீட்டில் மூன்று செல்லப்பெயர்.

செயலியைக் காட்டக் கோவையில் ஒரு பேரிங் கடைக்குப் போனேன். பெரியவர் பழைய பேரிங்கை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங் தம்பி, மோட்டாருக்குத்தானுங்களே? சூடாகுமுங்க. உள்ளே கொஞ்சம் இடைவெளி கூட இருக்கோணும், சி3 போட்டுக்கோங்க."

திரும்பிப் பார்க்காமலே பின்னாலிருந்த அலமாரியில் கைவிட்டு எடுத்தும் கொடுத்துவிட்டார். எங்கள் செயலி அப்போது கடவுச்சொல்லில் ஒரு சிறப்புக்குறி சேர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தது.