தலைவர் பஞ்சப்பூருக்குப் போகமாட்டார்

மன்னார்புரம் ரவுண்டானா பக்கம் நின்றுகொண்டு "தலைவரே!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கட்சித் தலைவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தர் வணிகர் சங்கத் தலைவர், ஒருத்தர் முன்னாள் தலைவர், மற்ற இருவர் சங்கம் உடைந்தபோது வெளியே வந்து ஆளுக்கொரு சங்கம் கண்டவர்கள். நான் சொல்ல வருவது இந்த நாலு பேரிலும் பொதுவாக இருக்கும் ஒருத்தரைப் பற்றி. பெயர் வேண்டாம். நீங்கள் திருச்சிக்காரராக இருந்தால் இதற்குள் ஒரு முகம் வந்து நின்றிருக்கும். அதையே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஐநூறு ரூபாய் நோட்டு. அது செலவுக்கு அல்ல. இரண்டு போன். ஒன்றில் பேசும்போது இன்னொன்று அடித்தால்தான் அவருக்குத் திருப்தி. விசிட்டிங் கார்டின் முன்பக்கம் பதவிகள், பின்பக்கம் இடம் போதாமல் போன மீதிப் பதவிகள். அவர் வைத்திருக்கும் கடை என்ன கடை என்று கார்டில் எங்கும் தெரியாது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். முறுக்கு, கடலைமிட்டாய், தண்ணீர் பாட்டில், சார்ஜர் வயர், ஓரமாக ஒரு டீ பாய்லர். போர்டில் 'ஒரிஜினல் மணப்பாறை முறுக்கு' என்று பெரிதாக எழுதியிருக்கும். முறுக்கு எடமலைப்பட்டிபுதூரிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருகிறது.

கல்லாவில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, உட்கார்ந்திருப்பார். தலைவர் பொதுவாழ்க்கையில் இருப்பார். கடை இத்தனை வருடம் நஷ்டமில்லாமல் ஓடுவதற்கு இந்த வேலைப் பிரிவினைதான் காரணம் என்பது என் கணிப்பு.

மன்னார்புரத்துக்கு ஒரு பெருமை உண்டு. வருடத்தில் சில நாட்கள் மட்டும் அது ஒரு துறைமுகம் ஆகிவிடும். பஞ்சப்பூரில் புது பஸ் நிலையம் வருவதற்கு முன்னால், தீபாவளி பொங்கல் கூட்டத்தை மத்திய பஸ் ஸ்டாண்டு தாங்காது என்று தற்காலிக பஸ் ஸ்டாண்டுகள் போடுவார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் போகிற பஸ்கள் சோனா மீனா தியேட்டர் எதிரில் நிற்கும். மதுரை, புதுக்கோட்டை பஸ்கள் மன்னார்புரத்தில். போலீஸ் பந்தல், மைக், மொபைல் டாய்லெட், குழந்தையைத் தொலைத்த அம்மா, கிடைத்த குழந்தையின் பெயரைத் தப்பாகச் சொல்லும் அறிவிப்பு என்று நகரம் முழுதும் இங்கே வந்து இறங்கும். அந்த நாட்களில் தலைவரின் நடையே வேறு. கான்ஸ்டபிளிடம் "இந்த பஸ்ஸைக் கொஞ்சம் முன்னால தள்ளி நிறுத்தச் சொல்லுங்க சார்" என்பார். எங்கே தள்ளி நின்றாலும் வண்டியின் படிக்கட்டு அவர் கடை வாசலில்தான் முடியும். தற்காலிகம் என்ற சொல்லை நிரந்தரமாக்கித் தரச் சொல்லி அவர் கொடுத்த மனுக்கள் கலெக்டர் ஆபீஸில் ஒரு பீரோவையாவது நிரப்பியிருக்கும்.

ஜங்ஷன் மேம்பாலத்தைப் பற்றி அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் டீ ஆறிவிடும். 2014இல் ஆரம்பித்த பாலம். மற்றக் கைகள் எல்லாம் தரையைத் தொட்டுவிட்டன. மன்னார்புரம் பக்கம் இறங்க வேண்டிய சென்னைக் கை மட்டும் வருடக்கணக்கில் அந்தரத்தில் நின்றது. காரணம், ராணுவத்துக்குச் சொந்தமான 0.66 ஏக்கர். தலைவர் கணக்கில் அறுபத்தாறு சென்ட். "அறுபத்தாறு சென்ட்டுங்க! எங்க மாமனார் வீட்டுக் கொல்லையே அதைவிடப் பெரிசு. அதுக்கு டெல்லி வரைக்கும் ஃபைல் போச்சு" என்பார். 2023இல் ஒருவழியாக அந்தக் கை திறந்தது. முதல் நாள் சால்வையோடு போய் நின்றார். ஒரு மாதம் கழித்துக் கடையில் பார்த்தபோது ஆள் சுரத்தில்லாமல் இருந்தார். "வண்டியெல்லாம் பாலத்து மேலயே போயிருது. மேல போறவன் எப்படிங்க முறுக்கு வாங்குவான்?"

இடம்பெயர்தல் என்றால் தலைவருக்கு ஆகாது. அது அவர் கடையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காந்தி மார்க்கெட்டை மதுரை ரோட்டில் கள்ளிக்குடிக்கு மாற்றுகிறோம் என்று அரசாங்கம் 77 கோடி ரூபாயில் அங்கே ஒரு மார்க்கெட்டைக் கட்டியபோது, தலைவர் காய்கறி வியாபாரியே இல்லை என்றாலும் உண்ணாவிரதப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து மணிக்குப் பழச்சாறோடு முடிகிற உண்ணாவிரதம். நடுவில் அவர் எழுந்து பேசினார். கடை சிறியது, லாரி திரும்பாது, ஊரைவிட்டு அத்தனை தூரம் ஒரு கட்டுக் கீரை வாங்க எந்தப் பெண்பிள்ளை வருவாள்? கைதட்டல். சொன்னதில் தப்பும் இல்லை. கள்ளிக்குடியில் கட்டிய கடைகள் ஆள் இல்லாமல் கிடந்ததை ஊரே பார்த்தது.

ஆனால் இந்த வாதம் புதிதில்லை. சென்னையில் 1996இல் கொத்தவால்சாவடியைக் காலிசெய்து கோயம்பேட்டுக்குப் போகச் சொன்னபோது, அந்தக் காட்டுக்கு யார் வருவார்கள் என்று கேட்டார்கள். 2020இல் கொரோனா வந்து, கோயம்பேட்டை மூடித் திருமழிசைக்குப் போகச் சொன்னபோது, கோயம்பேட்டை விட்டால் எங்களுக்குப் பிழைப்பே இல்லை என்றார்கள். எந்தக் காடும் வாடகை ஏறுகிற வரைக்கும்தான் காடு.

பஞ்சப்பூரும் அப்படித்தான் ஆரம்பித்தது. 2021 டிசம்பர் 30இல் ஒருங்கிணைந்த பஸ் நிலையத்துக்கு அடிக்கல். நாற்பது ஏக்கர், முடிந்தபோது 408 கோடி ரூபாய். 2025 மே 9இல் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். ஜூலை 16இலிருந்து பஸ்கள் அங்கிருந்து ஓட ஆரம்பித்தன. திறந்த அன்றே பக்கத்தில் 236 கோடியில் காய்கனி மார்க்கெட்டுக்கும் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் தலைவர் பேசாத மேடை இல்லை. "பஞ்சப்பூரா? பகல்லயே நரி ஊளையிடுற இடம்! என் பொணத்தைத் தாண்டித்தான் பஸ்ஸு அங்க போகணும்" என்று மைக்கில் அடித்துச் சொன்னார். அதே வருடங்களில் அவர் மச்சினர், அதாவது அக்காவின் தம்பி, நரி ஊளையிடுகிற இடத்தில் இரண்டு பிளாட் வாங்கினார். தம்பிக்குத் தனியாக என்ன வருமானம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் டீக்குக் காசு வாங்கிவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் தலைவருக்கு ஞானம் வந்தது லண்டனில். மகள் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறாள். பேரன் பிறந்ததற்குப் போனவரை மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்லேண்ட்ஸ் ரயிலில் ஏற்றிக் கேனரி வார்ஃபுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். டிரைவர் கேபினே இல்லாத ரயில் அது. முன் சீட்டில் தலைவர் உட்கார்ந்து, தானே ஓட்டுவதுபோல ஒரு போட்டோ. அது இப்போது கடையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

"எங்க பாத்தாலும் கண்ணாடிக் கட்டடம். எல்லாம் பேங்க்கு. ஒண்ணு மட்டும் 235 மீட்டராம். நம்ம மலைக்கோட்டை எவ்வளவு?"

"எண்பத்து மூணு."

"பாத்துக்குங்க. ஆனா கீழ தண்ணி நிக்குது. இது என்ன மாப்ள, பேங்க்குக்கு நடுவுல கொளம்னு கேட்டேன். கொளமில்ல மாமா, கப்பல் நின்ன துறைங்கிறாரு. 1802ல தெறந்ததாம். கேனரித் தீவுலேர்ந்து வாழைப்பழமும் தக்காளியும் வந்து எறங்குமாம். அதான் பேரு. காந்தி மார்க்கெட்டுங்க அது! கோட்டு போட்ட காந்தி மார்க்கெட்டு!"

பிறகு நடந்ததை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கன்டெய்னர் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. அவை தேம்ஸ் ஆற்றில் அவ்வளவு தூரம் ஏறி வர முடியவில்லை. துறைமுகம் ஆற்றோடு கீழே இறங்கி டில்பரிக்குப் போய்விட்டது. 1980இல் இங்கே கதவைச் சாத்தினார்கள். டில்பரி என்ற பெயர் தலைவரைப் பிடித்துக்கொண்டது. "டில்பரிதாங்க அவங்க பஞ்சப்பூர்" என்று மாப்பிள்ளையிடமே அங்கே விளக்கியிருக்கிறார். 1981இல் அரசாங்கம் ஒரு வளர்ச்சிக் கழகம் வைத்து அந்த இடத்தைக் கையில் எடுத்தது. கனடாக்காரக் கம்பெனி, ஒலிம்பியா அண்ட் யார்க், கோபுரத்தைக் கட்டி 1991இல் முடித்தது. மறு வருடமே கம்பெனி நொடித்துப்போனது.

"மஞ்சக் கடுதாசி!" என்று தலைவர் தொடையில் தட்டினார். "லண்டன்லயே மஞ்சக் கடுதாசி! ஏன்? ஆபீஸைக் கட்டுனான், ரயிலு வரலை. சரியான ட்யூப் ரயிலு 1999லதான் வந்துச்சாம். அதுக்கப்பறந்தான் கூட்டம். மொதல்ல கட்டுனவன் தெருவுக்கு வந்தான், கடைசில வாங்குனவன் கோபுரத்துல உக்காந்தான். இதை நம்ம மேடைல ஒருத்தனாவது சொன்னானா?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஒளி எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. மேடைக்கு ஆகிற கதை இல்லை இது. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஆகிற கதை.

"அந்தத் துறையில மூட்டை தூக்கினவங்க என்ன ஆனாங்க தலைவரே?" என்று கேட்டேன்.

"அதை மாப்ள சொல்லலையே" என்றார், உண்மையான வருத்தத்தோடு. பிறகு யோசித்து, "கப்பல் போன எடத்துலயும் காசு, கப்பல் வந்த எடத்துலயும் காசு. நடுவுல நின்னவன்தான்..." என்று இழுத்தார். போன் அடித்தது. இன்னொன்றும் அடித்தது. வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது.

நடுவில் நின்றவர்கள் மன்னார்புரத்திலும் உண்டு. மத்திய பஸ் ஸ்டாண்டில் கூடையோடு பஸ் ஏறி வெள்ளரிப்பிஞ்சும் வேர்க்கடலையும் விற்றவர்களில் சிலர், வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூருக்குப் போனபிறகு இங்கே வந்துவிட்டார்கள். பஞ்சப்பூரில் உள்ளே கடை என்றால் டெண்டர், டெபாசிட். கூடையோடு நுழைந்தால் காவலாளி. கொய்யாப்பழம் விற்கும் ஒரு பாட்டி தலைவர் கடையின் சாய்ப்பு நிழலில் உட்கார்ந்திருக்கிறார். தலைவர் இரக்கமுள்ளவர், போ என்று சொன்னதே இல்லை. சாயங்காலம் நிழலுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொள்கிறார். பாட்டியைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்றதற்கு, விதிப்படி உறுப்பினராகக் கடை வாடகை ரசீது வேண்டும் என்றார். அந்த இருபது ரூபாய்க்கு ரசீது கொடுத்துவிட்டால் போயிற்று என்று அக்கா கல்லாவிலிருந்து சொன்னார். தலைவர் காதில் அது விழவில்லை. பொதுவாழ்க்கையில் நீண்ட நாள் இருந்தால் இந்தக் காது வந்துவிடும்.

தலைவர் இன்று வரை பஞ்சப்பூருக்குப் போகவில்லை. கொடுத்த வாக்கு. அங்கே உள்ளே ஒரு கடை இருக்கிறது, மச்சினர் பெயரில். 'ஒரிஜினல் மணப்பாறை முறுக்கு' போர்டு அங்கேயும் இருக்கிறது. அங்கே கடை பிடித்தவர்கள் சேர்ந்து தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள், மச்சினர் தலைவர். கௌரவத் தலைவர் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செயற்குழுக் கூட்டத்துக்கு மட்டும் எல்லாரும் மன்னார்புரத்துக்கு வந்துவிடுகிறார்கள், அவருடைய வாக்கைக் காப்பாற்றுவதற்காக.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவரோடு நானும் போக நேர்ந்தது. வரிசையில் நிற்கும்போது பையிலிருந்து இரண்டு மனுக்களை எடுத்தார். ஒன்று பச்சை லெட்டர்பேடு, ஒன்று நீலம். இரண்டும் ஒரே டிடிபி சென்டரில் அடித்தவை. 'வாழ்வாதாரம்' என்ற சொல்லில் இரண்டிலும் ஒரே எழுத்துப்பிழை.

பச்சையில், மதுரை மார்க்கத்தில் போய்வரும் எல்லா வெளியூர் பஸ்களும் மன்னார்புரத்தில் கண்டிப்பாக நின்று செல்ல ஆவன செய்யுமாறு கேட்டிருந்தது. நீலத்தில், பஞ்சப்பூர் வரவேண்டிய பயணிகளை மன்னார்புரத்திலேயே ஏற்றி இறக்குவதால் பஸ் நிலைய வணிகர்கள் பெரும் பாதிப்புக்கு உள்ளாகியிருப்பதாகவும், அங்கே வெளியூர் பஸ் நிற்பதை உடனே தடைசெய்யுமாறும் கேட்டிருந்தது.

"தலைவரே, ரெண்டுல ஒண்ணுதானே நடக்கும்?"

"ஒண்ணு நடந்தாப் போதுமே" என்றார் மெல்ல, முன்னால் நிற்பவர் காதில் விழாமல். "எது நடந்தாலும் நாம குடுத்த மனு."

பதிவு செய்யும் பெண் இரண்டையும் வாங்கி, முத்திரை குத்தி, ஒரே ஒரு ரசீதை நீட்டினார். தலைவர் நகரவில்லை.

"ரெண்டு ரசீது குடும்மா. ரெண்டும் வேற வேற சங்கம்."