காபிக்கு மட்டும் சர்க்கரை வேண்டாம்

கல்யாண வீட்டுக் காலைப் பந்தியில் இவரைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம். "நமக்குச் சர்க்கரை இல்லாம காபி" என்று நாலு இலை தள்ளி இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். அப்போது அவர் இலையில் காசி அல்வா இரண்டாவது முறையாக விழுந்துகொண்டிருக்கும். வெள்ளைப் பூசணியில் செய்ததாயிற்றே, அது காய்கறிக் கணக்கு.

கண்டதைத் தின்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. பேக்கரி கேக்கையும் சாக்லேட்டையும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பெயருக்கு முன்னால் ஓர் ஊர் இருக்க வேண்டும். இதில் அரசாங்கமும் அவர் பக்கம்தான். திருப்பதி லட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல். பேரன் பிறந்த நாள் மறந்தாலும் இந்த வருடங்கள் மறக்காது. "ஏங்க, ராத்திரி பத்து மணிக்கு என்ன பால்கோவா?" என்று மனைவி கேட்டால், "கிண்டி ஆபீஸ்ல பதிவு பண்ணின பொருள்மா" என்பார். பதிவகம் கிண்டியில் இருப்பது உண்மைதான். மருந்துச் சீட்டு எழுதும் வேலையை அதற்கு யார் கொடுத்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அல்வா என்று வந்துவிட்டால் நீதிபதி ஆகிவிடுவார். சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, பால் பிழிந்து, புளிக்க வைத்து, சர்க்கரையும் நெய்யுமாகக் கை ஓயக் கிண்டினால்தான் அவர் அகராதியில் அது அல்வா. ஒரு விள்ளலை விரலில் எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். கண்ணாடி போல் ஒளி ஊடுருவ வேண்டும், விரலெல்லாம் நெய் வழிய வேண்டும். பிறகு வாயில் போட்டுக் கண்ணை மூடுவார்; மெல்ல மாட்டார். "மைதா கலந்திருக்கான்" என்று தீர்ப்பு வரும்போது தட்டு காலியாகியிருக்கும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, பெயர்ப்பலகைகூட இல்லாமல் மாலையில் திறக்கும் இருட்டுக்கடையில் வரிசையில் நிற்பது அவருக்கு சுவாமி தரிசனத்தின் பிற்பகுதி. அதே கைப்பக்குவத்தில் சென்னையில் கிண்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். "தாமிரபரணித் தண்ணி வேணும்ல அண்ணாச்சி!"

மைசூர்பாகிலும் கட்சி உண்டு. அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா செய்து காட்டியதாகச் சொல்லப்படும் பண்டம், கடித்தால் பொறபொறவென்று உதிர வேண்டும் என்பது இவர் வாதம். வாயில் வைத்ததும் கரையும் நெய் மைசூர்பாகை "பல்லில்லாதவன் பலகாரம்" என்பார், அதையும் தின்றுகொண்டே. ரசகுல்லாவில் மட்டும் தீர்ப்பு ஒத்திவைப்பு. வங்கத்து ரசகுல்லாவுக்கு 2017-இல் குறியீடு, ஒடிசா ரசகோலாவுக்கு 2019-இல். இரு தரப்பு சாட்சிகளையும் இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறதாம்.

சொந்தக்காரர்கள் இவரிடம் பயணத் திட்டத்தைச் சொல்வதில்லை. நெல்லை எக்ஸ்பிரஸ் என்று வாய் தவறினால் கோவில்பட்டிக் கடலை மிட்டாய், பொதிகை என்றால் பால்கோவா, தூத்துக்குடி என்றால் மக்ரூன். "வெல்லமும் கடலையும், உடம்புக்கு நல்லது" என்று இலவச ஆலோசனை வேறு.

வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையை இவர் எப்போதோ ஜெயித்துவிட்டார். முந்தின இரண்டு நாள் பாகற்காயும் நடைப்பயிற்சியுமாக இருந்தால் போதும். இப்போது ஹெச்பிஏ1சி என்று ஒன்று வந்து, சுமார் மூன்று மாதச் சராசரியைப் போட்டு உடைத்துவிடுகிறது. அதை அவர் ஒரு பரிசோதனையாக மதிப்பதில்லை, கோள்மூட்டி என்கிறார்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மாத்திரையைக் கூட்டி எழுதினார், அரிசியைக் குறைக்கச் சொன்னார், இனிப்பு கூடவே கூடாது என்று மேஜையைத் தட்டினார். இவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

"அடுத்த வாரம் திருச்செந்தூர் போறீங்களாமே?" என்றார் டாக்டர், குரலைத் தணித்து. "வரும்போது நெல்லை வழியாத்தானே?"