நாளெண்ணும் சித்தப்பா

கொரோனா வந்த வீட்டில் காய்ச்சல் ஒருவருக்குத்தான். அவரை எந்த நாளில் அறையை விட்டு வெளியே விடலாம் என்று தீர்மானிக்க இன்னொருவர் தானாக முளைப்பார். யாரும் நியமிப்பதில்லை. கல்யாணப் பந்தியில் "இந்த வரிசையில இன்னும் ரெண்டு பேர் உக்காரலாம்" என்று கையை ஆட்டிக்கொண்டு நிற்பவரை யார் நியமித்தார்கள்? அது மாதிரிதான்.

இவர்களில் ஒரு சாரார் 'ஒண்ணும் ஆவாது, வாடா' கட்சி. மூன்றாம் நாளே கதவைத் தட்டி, தெருமுனைக்குப் போய்த் தயிர் வாங்கிவரச் சொல்வார்கள். அவர்களைப் பற்றிப் பேச அதிகமில்லை. ஆறாம் நாள் அந்த வீட்டில் எல்லோருமே படுத்திருப்பார்கள். யாரை வெளியே விடுவது என்ற கேள்வியே எழாது. மறுசாரார்தான் நமக்கு வேண்டியவர்கள். ஊர் உலகத்துச் சுகாதாரம் முழுக்கத் தன் வீட்டு மூலையறைத் தாழ்ப்பாளில் தொங்குவதாக நம்புகிறவர்கள். எங்கள் பெரம்பூர் வீட்டில் அந்தத் தாழ்ப்பாள் சித்தப்பா கையில் இருந்தது.

சித்தப்பா சார்நிலைக் கருவூலத்தில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியக்காரர்கள் வருஷா வருஷம் நேரில் வந்து, தாங்கள் இன்னும் இருப்பதை நிரூபித்துவிட்டுப் போகிறார்களே, அந்த மேஜை அவருடையது. எதிரே நின்று இருமிக்கொண்டிருந்த பெரியவரிடமே வாழ்நாள் சான்றிதழ் கேட்டவர். "ஆள் நேர்ல இருந்தா மட்டும் போதுமா? ஆதாரம் வேணாமா?" என்று இன்றைக்கும் வாதாடுவார். அவரிடம் போய் "எனக்கு இப்ப தேவலை சித்தப்பா" என்றால் எடுபடுமா?

2022 ஜனவரி, ஒமிக்ரான் அலை. எனக்கு 5ஆம் தேதி புதன்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குத் தொண்டை கரகரத்து உடம்பு சுட்டது. 6ஆம் தேதி மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை பாசிட்டிவ் என்று செல்போனுக்குச் செய்தி வந்தது. அன்று ராத்திரி தலையணையோடு மூலையறை. அந்த 5ஆம் தேதிதான் மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டுத் தனிமைக்குப் புது விதி வெளியிட்டிருந்தது: பாசிட்டிவ் வந்து 7 நாள் ஆகி, தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வெளியே வரலாம், மறுபடி பரிசோதனை வேண்டியதில்லை. ஏழும் ஏழும் பதினாலு. பொங்கல்! பானை பொங்குகிற நேரத்தில் மொட்டை மாடியில் நிற்பேன் என்று கதவிடுக்கு வழியாக மனைவியிடம் சொன்னேன்.

பதில் சித்தப்பாவிடமிருந்து வந்தது. "அவசரப்படாத. முதல் நாள் எதுன்னு முதல்ல முடிவாவட்டும்."

என் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, மடியில் தினசரிக் காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் கண்ட நாளா, குச்சி விட்ட நாளா, செய்தி வந்த நாளா, கதவு சாத்திய நாளா? நான் புதன்கிழமைக்காகப் போராடினேன். "புதன்கிழமையில உனக்குக் காய்ச்சல் இருந்தது ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தை ஒரு நாள்னு எந்த ஆபீஸ்ல எடுத்துப்பாங்க?" என்று அந்த மனுவைத் தள்ளினார். பக்கத்து அறையிலிருந்து ஆயா, "தீட்டுக் கணக்குல அன்னிக்கும் சேத்துத்தாண்டா ஒண்ணு" என்றாள். வங்கியில் வேலை பார்க்கும் என் மனைவி, "வட்டிக் கணக்கு மாதிரி வைங்க மாமா. போட்ட நாளைச் சேத்துக்கலாம், எடுக்கற நாளை விட்டுடலாம்" என்றாள். சித்தப்பா மூன்றையும் கேட்டுக்கொண்டு நான்காவதாக ஒன்றை எழுதிக்கொண்டார்: செய்தி வந்த வெள்ளிக்கிழமை பூஜ்யம், சனிக்கிழமை ஒன்று. ஏழாம் நாள் 14ஆம் தேதி நள்ளிரவில் முடிகிறது. பானை பொங்கி ஆறிப் பாதி தீர்ந்த பிறகு.

நியூஜெர்சியிலிருந்து அத்தை பையன் போன் செய்தான். "சித்தப்பா, இங்க போன மாசமே 5 நாளாக் குறைச்சிட்டாங்க. அப்புறம் 5 நாள் மாஸ்க் போட்டுக்கிட்டாப் போதும்." அவன் சொன்னது சரிதான், அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 டிசம்பர் கடைசியில் அப்படித்தான் மாற்றியிருந்தது. சித்தப்பா அசரவில்லை. "அது டாலர் கணக்கு. இங்க மாத்தினா கூட வரும்."

அவரிடம் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதில் கொரோனா தொடங்கிய நாளிலிருந்து வந்த உத்தரவுகளெல்லாம் நகலெடுத்து, இடது ஓரத்தில் துளையிட்டு, டேக் நூலில் கோத்து வைத்திருந்தார். 2020 மே மாத விதிப்படி அறிகுறி கண்டதிலிருந்து 17 நாள், அதில் 10 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. அதே வருஷம் ஜூலையில் அது 10 நாள், 3 நாள் காய்ச்சலின்மை என்று இறங்கியது. மேற்கொண்டு 7 நாள் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும். இப்போது 7. "பதினேழு, பத்து, ஏழு. காய்கறிக்காரன் சாயங்காலமானா விலையை இறக்கிக்கிட்டே வருவான். இறக்கினா என்ன அர்த்தம்? சரக்கு வாடிடுச்சுன்னு அர்த்தம்."

வாடியது சரக்கல்ல, கிருமியின் வேகம் என்று டாக்டர் போனில் எனக்குச் சொல்லியிருந்தார். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆள் பரப்பத் தொடங்கிவிடுகிறான். முதல் சில நாளில்தான் அதிகம், பிறகு படிப்படியாகக் குறைகிறது. ஏழாம் நாள் ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் அணைகிற விளக்கல்ல அது. சிலருக்கு, முக்கியமாக எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கு, இன்னும் நீளும். அதனால்தான் ஒவ்வொரு விதியும் எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டு, மிச்சத்தை மாஸ்க்கிடம் விட்டுவிடுகிறது. சித்தப்பாவுக்கு இந்தப் 'படிப்படியாக' என்ற சொல்தான் ஆகாது. கருவூலத்தில் எந்தப் பட்டியலும் படிப்படியாகப் பாசாவதில்லை.

11ஆம் தேதி காலையில் நான் மாட்டிக்கொண்டேன். கதவுக்கடியில் மாத்திரை அட்டையைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். பதினைந்து மாத்திரை டோலோ அட்டை. "நேத்து ஒம்பது. இன்னிக்கு எட்டு." வெளியே ஸ்டூல் கிறீச்சிட்டது.

"தலைவலி சித்தப்பா. காய்ச்சலுக்குப் போடல."

"அது மாத்திரைக்குத் தெரியுமா?"

மூன்று நாள் காய்ச்சலின்மை என்பது மாத்திரை போடாமல் இருக்கிற மூன்று நாள். இந்த ஒன்றில் அவர் சொன்னதுதான் நியாயம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கடிகாரம் 12ஆம் தேதியிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. அதோடு இருமலையும் வழக்கில் சேர்த்துக்கொண்டார். இருமல் வாரக்கணக்கில் இருக்கும், அதை வைத்து ஆளை உள்ளே வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஆகவே குக்கர் விசில் அடிக்கும்போது இருமக் கற்றுக்கொண்டேன். பருப்புக்கு மூன்று விசில், மூன்று இருமல். ரசம் மட்டும் வைத்த நாள் ரொம்பச் சிரமப்பட்டுப் போனேன்.

பிறகு நெகட்டிவ் சான்று கேட்டார். ஆர்டி-பிசிஆர் வேண்டாம், ஆள் குணமாகி வாரக்கணக்கான பிறகும் அது பாசிட்டிவ் காட்டும் என்று டாக்டர் ஸ்பீக்கரில் பொறுமையாக விளக்கினார். "அதுல தெரியறது செத்த வைரஸோட துணுக்கு சார். அது யாருக்கும் ஒட்டாது."

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "செத்துடுச்சுன்னு சொல்றீங்க. சரி. இறப்புச் சான்றிதழ்?"

டாக்டர் போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சமரசமாக, மனைவி 250 ரூபாய் கொடுத்து வீட்டிலேயே பார்க்கிற பரிசோதனைப் பெட்டி வாங்கிவந்தாள். ஒரு கோடு வந்தால் நல்லது, இரண்டு வந்தால் இன்னும் இருக்கிறது. பதினைந்து நிமிஷம் கழித்துப் பட்டையை வாசற்படியில் வைத்தேன். சித்தப்பா பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார். ஒரு கோடு பளிச்சென்று இருந்தது. இரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ இருந்தது, அல்லது இருந்த மாதிரி இருந்தது. டியூப்லைட்டில் இருந்தது, ஜன்னல் வெளிச்சத்தில் இல்லை. படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்டார். பதினோரு பேர் கோடு உண்டு என்றார்கள், ஆறு பேர் இல்லை என்றார்கள். வேலூர் அத்தை மட்டும், "ரொம்ப சந்தோஷம்! எத்தனாவது மாசம்?" என்று கேட்டு, கூடவே தொட்டில் படமும் அனுப்பியிருந்தாள்.

இவ்வளவும் எழுதுகிறேனே தவிர, அவர் அந்த ஸ்டூலில் ஏன் உட்கார்ந்தார் என்பது எனக்குத் தெரியும். 2021 மே மாதத்தில், கூட வேலை பார்த்த ஒருவருக்காக ரெம்டெசிவிர் வரிசையில் இரண்டு நாள் நின்றவர். மருந்து கிடைத்த அன்று அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. பக்கத்து அறையில் ஆயாவுக்கு 84 வயது. மஞ்சப்பையின் அடியில் அந்த வரிசை டோக்கன் இன்னும் இருக்கிறது. அதற்கும் துளையிட்டு வைத்திருக்கிறார்.

ஆயாவுக்கோ இந்த விவகாரமே விளங்கவில்லை. "எங்க காலத்துல அம்மை போட்டா வாசல்ல வேப்பிலை சொருகிடுவோம். யாரும் வர மாட்டாங்க. வீட்ல தாளிக்க மாட்டோம். அம்மை இறங்கினதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வெச்ச தண்ணிய தலைக்கு ஊத்துவோம். ஒத்தப்படையா மூணு தண்ணி. அப்புறம் அவனுண்டு ஊருண்டு." யோசித்துப் பார்த்தால், மாநகராட்சி ஒட்டிய ஸ்டிக்கரும் 2020-ல் தெருவில் அடித்த தகரமும் அந்த வேப்பிலைக்குப் பேரப்பிள்ளைகள்தான். உள்ளே அடைப்பதற்கு எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருந்தது. வெளியே அழைக்கிற தண்ணீரைத்தான் யாரும் இந்த நோய்க்கு எழுதிவைக்கவில்லை. அந்த இடம் காலியாகக் கிடந்ததால் சித்தப்பா ஸ்டூல் போட்டார்.

பொங்கலன்று என்னை மாஸ்க்கோடு மாடிப்படியின் பாதி வரை ஏற அனுமதித்தார். அங்கிருந்து எனக்குப் பானையின் கழுத்தும் ஒரு கரும்பின் தோகையும் தெரிந்தன. "பொங்கலோ பொங்கல்" என்று கத்தலாமா என்றேன். கத்தினால் எச்சில் தெறிக்கும், மனசுக்குள் சொல்லிக்கொள் என்றார். நள்ளிரவில் விடுதலை என்று காத்திருந்தால், காலையில் காலண்டரோடு வந்து நின்றார். தை 1, 2, 3 கரிநாள். நல்ல காரியம் தொடங்கக் கூடாதாம். ஆயுசு முழுக்க ராகுகாலத்தில்தான் ஊருக்குக் கிளம்புவேன் என்று பகுத்தறிவு பேசிய மனிதர்! மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று ஊருக்கே முழு ஊரடங்கு. 17ஆம் தேதி திங்கள்கிழமை காலை கதவு திறந்தது. அரசாங்கத்தின் ஏழு நாள் எங்கள் வீட்டில் பத்தாகிப் பாசாயிற்று.

அதே வருஷம் ஜூலையில் சென்னையில் மறுபடி எண்ணிக்கை ஏறியது. இந்த முறை சித்தப்பாவுக்கு வந்தது. காய்ச்சல் இரண்டு நாள், அதுவும் லேசாக. அதே மூலையறை. நான் ஸ்டூலைத் துடைத்து, காலண்டரோடு உட்கார்ந்து, பழைய கணக்கையெல்லாம் தீர்க்கக் காத்திருந்தேன்.

ஏழாம் நாள் முடிந்தது. கதவைத் தட்டி, "வரலாம் சித்தப்பா" என்றேன்.

"எதுக்கு அவசரம்? பத்து போவட்டும்."

பத்தும் போயிற்று. உள்ளே டிவியில் பழைய கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நேரத்துக்குக் காபி வாசற்படிக்கு வருகிறது. பால் வாங்க, ரேஷனில் நிற்க, மின்கட்டணம் கட்ட, பையனை வேன் ஏற்றிவிட என்று வீட்டின் ஓட்டமெல்லாம் அதுவரை அவருடையது. இப்போது என் தலையில். பதினோராம் நாள் மஞ்சப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது: "2020 மே மாச உத்தரவு ஒண்ணு இருக்கு தெரியுமா? பதினேழு நாள்."

வெள்ளிக்கிழமை காலை ஆயா யாரையும் கேட்காமல் அண்டாவை வெயிலில் இழுத்துப் போட்டு, தண்ணீர் நிரப்பி, இரண்டு கொத்து வேப்பிலையை உருவிப் போட்டு, மஞ்சளைக் கரைத்தாள். உச்சி வெயிலில் தண்ணீர் சூடேறியதும் சொம்பால் மூலையறைக் கதவைத் தட்டினாள்.

"டேய் சின்னவனே, வெளிய வா. மூணு தண்ணி ஊத்திடறேன்."

உள்ளே டிவி சத்தம் குறைந்தது. தாள் புரளும் ஓசை கேட்டது.

"சரிம்மா. முதல் தண்ணிய எந்த நாள்லேர்ந்து எண்றது?"