ஷாக் அடிக்குமா?

டி.என்.ஏ.வைக் கரன்ட் வைத்துக் கண்டுபிடிக்கிறார்களாமே, ஷாக் அடிக்காதா? (வாசகர், தாராவி)

வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் என்றைக்காவது ஷாக் அடித்திருக்கிறதா? அதுவும் கரன்ட்டைத்தான் அளக்கிறது! கிருமியின் டி.என்.ஏ.வோடு மட்டுமே ஜோடி சேரும் ஒரு சிறு இழையில் ஃபெரோசீனை அடையாளமாகக் கட்டிவிடுவார்கள். 1951-இல் உலகுக்குத் தெரியவந்த பொருள் அது. இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு, பாவுக்குள் வடை மாதிரி. ஜோடி சேர்ந்தால் ஃபெரோசீன் மின்வாயை நெருங்கும். துளியூண்டு கரன்ட் ஓடும். ஆள் சிக்கிவிட்டான் என்று அர்த்தம். 1984-இல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் சென்சாருக்குக் கைகொடுத்ததும் இதே ஃபெரோசீன்தான்.

இதனால் நம்ம ஏரியாவுக்கு என்ன லாபம்? (வாசகி, மாட்டுங்கா)

நெரிசல் வீடுகளில் காசநோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இப்போதுள்ள ஜீன்எக்ஸ்பர்ட் கருவி ஒளிரும் சாயத்தைப் படித்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், அது ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்பதையும் சொல்லிவிடுகிறது. ஒளியைப் படிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். கரன்ட்டைப் படிக்கச் சின்ன சர்க்யூட் போதும். கையடக்கக் கருவிக்கு வழி அதுதான்.

அதுவரை காத்திருக்காதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலா? மாநகராட்சி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே காசநோய்ப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.